லாச்சிக்குள் ஒளித்து வைத்த கிளினிக் கொப்பி



இந்தப் பதிவை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்திருக்கிறேன். இன்றைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு. கொஞ்சம் நீளம். இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டு ஹோலில் ஓர் ஆணியில் ஒரு சீலைப் பை தொங்குகிறது. உம்மாவின் கிளினிக் பை. அதற்குள் இரண்டு கொப்பி. ஒன்று சீனிக்கும் பிரஷருக்கும், மற்றது கண் கிளினிக்குக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் உம்மா அந்தக் கதையைத் தொடங்கிவிடுவா. போன மாதம் சீனி எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு, எந்தக் குளிசையை மாற்றினார்கள், வரிசையில் யார் யாரைக் கண்டா என்றெல்லாம் சொல்லுவா. வந்தவர்களும் தங்கள் சீனிக் கணக்கைச் சொல்வார்கள். அதில் யாருக்கும் ஒரு வெட்கமும் இல்லை.

அதே வீட்டில் மூன்றாவது கொப்பி ஒன்றும் இருக்கிறது. அது என்னுடையது. என் மேசை லாச்சியில், தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியல்களுக்குக் கீழே, பூட்டி வைத்திருக்கிறேன். அது மனநல கிளினிக் கொப்பி.

இந்த மூன்று கொப்பியும் ஒரே பைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கிண்ணியாவில் இருந்து திருகோணமலை டவுனுக்குப் படிப்பிக்கப் போகிறவன். தினமும் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம், வெள்ளைமணல், சீனக்குடா, பிறகு டவுன். 2009இல் பாலம் திறந்த நாளில் ஊரே திரண்டு நின்றது எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன் பாதையில் ஏறித்தான் கடந்தோம். பாலத்தின் நீளம் 396 மீற்றர். சைக்கிளில் போனால்கூட இரண்டு நிமிடம் எடுக்காது.

2022 மார்ச்சில் ஒரு காலை, அந்தப் பாலத்தின் நடுவில் எனக்கு மௌத்து வந்துவிட்டது என்று நினைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு மேலே மேலே போனது, கீழே இறங்கவில்லை. கை விறைத்தது. காது அடைத்தது. சைக்கிளை ஓரத்தில் நிறுத்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னேன். பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஒருவர்தான் என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இரத்தமும் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. இருதயத்தில் பிரச்சினை இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் எல்லோரும் "கேஸ்" என்றார்கள். இஞ்சிப் பிளேன்டி குடித்தேன். கண்ணூறு என்று ஒருவர் சொல்ல, ஓதிப் பார்த்துத் தண்ணீரும் தந்தார்கள். குடித்தேன். நல்ல மனதோடு செய்தார்கள், அவர்களில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடுத்த கிழமையும் அதே பாலத்தில் அதே மாதிரி வந்தது. அதற்குப் பிறகு நான் பாலத்தால் போவதை விட்டேன். தம்பலகாமம் பக்கமாகச் சுற்றிப் போனேன். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்க, அவற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு போத்தல் பெற்றோலுக்குக் காத்து நின்ற ஊர்க்காரர் நாங்கள். அப்படிக் கிடைத்த பெற்றோலை, ஒரு பாலத்துக்குப் பயந்து, நான் சுற்றுப்பாதையில் எரித்தேன். யாராவது கேட்டால் "அந்தப் பக்கம் ஒரு வேலை" என்று பொய் சொன்னேன்.

எப்படித் தொடங்கியது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். முதலில் வந்தது 2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுமானத்தில் இருந்ததால் மிதவையில் கடந்துகொண்டிருந்த மக்கள் தண்ணீருக்குள் கவிழ்ந்த அந்தக் காலை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் மௌத்தானார்கள். அவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் வெள்ளைச் சீருடையைக் கண்டால் வயிற்றைப் பிசையும். அதற்கு மேல் வீட்டுக் கடன், சம்பளம் பாதி மாதத்தில் முடிவது, வாப்பாவின் சுகயீனம். பிறகு 13 மணித்தியால மின்வெட்டு. எல்லோருக்கும் இருந்த கஷ்டம்தான். "எல்லாருக்கும்தானே" என்று சொல்லிச் சொல்லியே நான் வாயை மூடிக்கொண்டேன்.

பாலத்துப் பயம் வெளியே தெரிந்தது. அதற்குப் பின்னால் வந்தது வெளியே தெரியவில்லை. விடிய 3 மணிக்கு முழிப்பு வரும், திரும்ப நித்திரை வராது. ஆனால் பஜ்ருக்கு எழும்ப உடம்பு வராது. ருசி போனது. பிள்ளை வந்து மடியில் ஏறினால் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. திருத்த வேண்டிய கொப்பிகள் கட்டாகக் கிடந்தன. ஒரு கொப்பியைத் திறந்து ஒரே வரியை ஐந்து தடவை வாசிப்பேன். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நின்று, என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துவிடும். இரவில் ஒரே யோசனை: நான் ஒன்றுக்கும் உதவாதவன், நான் இல்லாவிட்டால் இவர்களுக்குச் சுமை குறையும்.

கல்வியியற் கல்லூரியில் கல்வி உளவியல் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். மன அழுத்தத்தின் அறிகுறிகளை எழுதச் சொன்னால் அரைப் பக்கம் எழுதுவேன். அது என் மேலேயே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் அதற்கு வைத்த பெயர் "ஈமான் குறைவு". இந்தப் பெயர்தான் என்னை ஏழு மாதம் தாமதப்படுத்தியது. நம்மில் எத்தனையோ பேரைத் தாமதப்படுத்துவதும் இதுதான்.

நான் மௌலவி இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். யூசுஃபை இழந்த யஃகூப் நபி அழுதழுது கண் பார்வையை இழந்தார்கள். அவர்களுக்கு ஈமான் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கதீஜா நாயகியும் அபூதாலிபும் அடுத்தடுத்து மௌத்தான வருடத்தை ஸீராவில் துக்க ஆண்டு என்றே சொல்கிறோம். நாம் சின்ன வயதில் ஓதிப் பழகிய துஆ ஒன்றில் ஹம்ம், ஹஸன் என்று இரண்டிலிருந்தும் பாதுகாப்புத் தேடுகிறோம். ஹம்ம் வரப்போவதை நினைத்து வரும் கவலை, ஹஸன் நடந்து முடிந்ததை நினைத்து வரும் துக்கம் என்று உலமாக்கள் விளக்குவார்கள். இன்றைக்கு டொக்டர்மார் பதகளிப்பு என்றும் மனச்சோர்வு என்றும் பிரித்துச் சொல்வதற்கு இது எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பாருங்கள். துக்கப்பட்டவருக்கு தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சி கொடுக்கச் சொன்ன ஹதீஸும் இருக்கிறது. துக்கத்துக்கு வயிற்றின் வழியாகவும் மருந்து கொடுத்த மார்க்கம் இது. குளிசை எடுப்பது மட்டும் எப்படி தவக்குலுக்கு எதிராகும்?

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். அபூ ஸைத் அல்-பல்கி. 850இல் பிறந்து 934இல் மௌத்தானவர். உடல்களின் நலனையும் உள்ளங்களின் நலனையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். துக்கம் இரண்டு வகை என்று அதில் பிரித்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, அதற்குப் பேச்சும் சிந்தனையும் மருந்து. காரணமே தெரியாமல் வருவது மற்றது, அது உடம்பிலிருந்து வருகிறது, உடம்புக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பது போல, மனம் கலங்கும் நேரத்துக்கென்று நல்ல எண்ணங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்கச் சொன்னதும் அவர்தான். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதியதை நாம் இன்னும் "வெள்ளைக்காரன் கொண்டுவந்த வருத்தம்" என்கிறோம்.

என்னை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது எங்கள் பாடசாலையின் மூத்த டீச்சர் ஒருவர். இடைவேளையில் கிட்ட வந்து இருந்தார். "சேர், நீங்க மெலிஞ்சி போயிட்டீங்க. சிரிச்சிக் கன நாள். என்னண்டு கேக்கலாமா?" என்றார். அவ்வளவுதான். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் இருந்தார்கள், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். அவர் புத்திமதி சொல்லவில்லை. தன்னுடைய தம்பி இப்படி இருந்து சுகமானதை மட்டும் சொன்னார். கிளினிக் என்றைக்கு என்று விசாரித்துச் சொன்னதும் அவர்தான்.

முதல் நாள் டொக்டர் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். சிங்களவர், தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை கிழமையாக, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. கடைசிக் கேள்வியை நேராகக் கேட்டது எனக்கு அதிர்ச்சி. ஆனால் "ஓம்" என்று சொன்ன பிறகு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. தைரொய்ட்டும் ஈமோகுளோபினும் பார்க்க இரத்தம் எடுத்தார்கள். இவை குறைந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வருமாம். பிறகு ஒரு குளிசை எழுதினார். பெயரை இங்கே போட மாட்டேன், பார்த்துவிட்டு யாரும் பாமசியில் போய் வாங்கக்கூடாது.

கற்றுக்கொண்டவற்றில் சிலதைச் சொல்கிறேன். நான் டொக்டர் இல்லை, நோயாளியாக இருந்து படித்தவை இவை.

எல்லாக் கவலையும் நோய் இல்லை. மௌத்து வீட்டில் அழுவதும் பரீட்சைக்கு முன் வயிறு கலங்குவதும் மனிதருக்கு உரியவை. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், மனம் பாரமாகவோ எதிலும் ருசி இல்லாமலோ இருந்து, கூடவே நித்திரையும் பசியும் கவனமும் கெட்டு, அன்றாட வேலை தடைப்பட்டால், அது காட்ட வேண்டிய வருத்தம். நம் ஆட்களிடம் அது பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். தலைப்பாரம், நெஞ்செரிவு, உடம்பு நோவு, களைப்பு. அதனால்தான் நாம் டிஸ்பென்சரிக்கும் ஈசிஜிக்கும் அலைகிறோம்.

பாலத்தில் எனக்கு வந்தது திடீர்ப் பதற்றம். உண்மையான ஆபத்தில் ஓடித் தப்புவதற்காக அல்லாஹ் உடம்பில் வைத்திருக்கும் மணி, ஆபத்து இல்லாத நேரத்தில் தவறி அடிக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதை விட வெளியே விடுவதைத்தான் நீட்ட வேண்டும். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது எனக்கு உதவியது. ஆனால் முதல் தடவை நெஞ்சுநோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் இருதயத்தைப் பாருங்கள். அதை நீங்களாகப் பதற்றம் என்று முடிவு செய்ய வேண்டாம்.

பயந்த இடத்தை விட்டு ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். நான் தம்பலகாமம் சுற்றியது ஒவ்வொரு நாளும் என் பயத்துக்குச் சாப்பாடு போட்ட மாதிரி. திரும்பி வந்தது படிப்படியாகத்தான். முதல் கிழமை மச்சானோடு போய்ப் பாலத்தின் கிண்ணியாப் பக்க முனையில் சும்மா நின்றேன், பதற்றம் இறங்கும் வரை. அடுத்த கிழமை பாதித் தூரம் நடந்தேன். பிறகு மச்சான் ஓட நான் பின்னால் இருந்தேன். பிறகு நான் ஓட அவர் பின்னால். தனியாகக் கடந்த நாளில் சீனக்குடாவில் நிறுத்தி உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "பாலத்தக் கடந்ததுக்கா கோல் எடுத்தா மனே?" என்று சிரித்தா.

மனம் சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் நடக்காது. சின்ன வேலையை முதலில் செய்தால் மனம் பின்னால் வரும். எனக்கு அது ஒரு நாளைக்கு ஐந்து கொப்பி திருத்துவது, அஸருக்குப் பிறகு கடற்கரையில் இருபது நிமிடம் நடப்பது. நல்ல நாளில் ஐம்பது கொப்பி திருத்துகிறவனுக்கு ஐந்து என்பது கேவலமாகப் பட்டது. ஆனாலும் ஐந்திலிருந்துதான் எழும்பினேன். பள்ளிக்குப் போவதும் அப்படித்தான் திரும்பி வந்தது. முதலில் இஷா மட்டும்.

குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். முதல் கிழமையில் வயிற்றுப் பிரட்டலும் வரலாம். பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். சுகமானதும் விட்டுவிடுகிறவர்கள் வேறு. சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் டொக்டர் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும். "அடிமையாக்கும்" என்ற பயம் எனக்கும் இருந்தது. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் குளிசைகள் போதைப் பொருள் போல மேலும் மேலும் கேட்க வைப்பவை அல்ல. நித்திரைக் குளிசை வேறு வகை, அதில் கவனம் வேண்டும். நோன்பு காலத்தில் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுக்கும் குளிசையை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றுவது டொக்டருக்குப் பெரிய வேலை இல்லை. றமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே கேளுங்கள்.

குளிசை கடனை அடைக்காது, சம்பளத்தைக் கூட்டாது. அது உண்மை. ஆனால் கடனை எப்படி அடைப்பது என்று யோசிக்கும் மூளையைத் திருப்பித் தந்தது.

இப்போது நம் ஊரைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் உலகம் முழுவதும் சுமார் 28 கோடிப் பேர் மனச்சோர்வோடும் சுமார் 30 கோடிப் பேர் பதகளிப்பு நோயோடும் இருந்தார்கள். இவ்வளவு பேரும் மார்க்கம் இல்லாதவர்களோ பலவீனமானவர்களோ இல்லை. அதிலும் இந்தக் கொட்டியாரக் குடாவைச் சுற்றி இருக்கிற நாம் எதையெல்லாம் பார்த்திருக்கிறோம்? 2004 டிசம்பர் 26இல் எனக்கு 15 வயது. கிண்ணியாவும் மூதூரும் அன்று பட்டது தெரியும். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கையில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாகக் கந்தளாய்க்கு நடந்தார்கள். 2019இல் ஒரு சிலர் செய்த கொலைக்கு நாமெல்லாம் தலை குனிந்து நடந்தோம். 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மௌத்தான நம்மவரின் ஜனாஸாக்களை எரித்தார்கள். தொழுது அடக்கக் கிடைக்காத துக்கத்தை எந்த வீட்டில் யார் பேசி ஆற்றினார்கள்? பேசாமல் அடுத்த வேலையைப் பார்த்தோம். "அந்தக் காலத்தில் இந்த வருத்தமெல்லாம் இருந்ததா" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இருந்தது. அதற்கு ஜின் என்றும் செய்வினை என்றும் நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது என்றும் பெயர் இருந்தது.

இன்னொரு விடயம், கவனமாக எழுதுகிறேன். 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதன் பின் வந்த வருடங்களில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த வருடங்களில் நாட்டில் கவலை குறைந்ததா? யுத்தம் நடந்தது, சுனாமி வந்தது. ஆனால் மிகக் கொடிய பீடைகொல்லிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அதுதான் முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற அந்த எண்ணம் ஓர் அலை. உச்சியில் இருக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமலும் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தாலும் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். யாராவது அப்படிப் பேசினால் "ஹராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகாதீர்கள். அது ஹராம் என்று அவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தனியாக விடாதீர்கள், ஆபத்தானதை எடுத்து மறையுங்கள், விடியும் வரை கூட இருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவரிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது. 1998 வரை முயன்று தப்பியவர் சட்டப்படி குற்றவாளி. அந்தச் சட்டம் போய்விட்டது, யாரும் பொலிஸுக்குப் பயந்து வைத்தியத்தைத் தாமதிக்க வேண்டியதில்லை.

1926 என்ற இலக்கம் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். 1333 இன்னொரு இலவசச் சேவை. இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள். உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் பக்கத்து வீட்டாருக்குத் தேவைப்படலாம்.

அங்கொடை என்று எழுதியதும் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தப் பதிவு மூன்று தடவை அழிந்தது இந்த இடத்தில்தான்.

என் வகுப்பில் ஒரு பொடியன். அடையாளம் தெரியாமல் சிலதை மாற்றியிருக்கிறேன், அவனிடம் கேட்டும்விட்டேன். உம்மா சவூதியில், அவன் உம்மும்மாவோடு. ஒரு தவணை முழுக்க வகுப்பில் தலையைக் கவிழ்த்துப் படுப்பான். வீட்டு வேலை இல்லை. கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் எனக்கு எரிச்சல் வந்து எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "நித்திர கொள்ளவா வந்த? அங்கொடைக்கு அனுப்பவா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு அவனுக்கு வகுப்பில் அதுதான் பெயர்.

என் மூன்றாவது கிளினிக் நாள். வாங்கில் இருக்கிறேன். எதிர் வாங்கில் அவன், உம்மும்மாவோடு. என்னைக் கண்டதும் தன் கொப்பியைச் சட்டைக்குள் வைத்தான். நானும் என் கொப்பியைச் சுருட்டிப் பொக்கெற்றில் திணித்தேன். இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தோம். பிள்ளை ஒளித்தது நான் பழக்கியதால். ஆசிரியர் நான் ஒளித்தது எதனால்? எழும்பிப் போய் அவன் பக்கத்தில் இருந்து "நானும் இதுக்குத்தான் வந்திருக்கன் வாப்பா" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அதை விடப் பெரிய மருந்து இருந்திருக்காது. சொல்லவில்லை. சொல்ல இன்னும் நான்கு மாதம் எடுத்தது. மன்னிப்புக் கேட்டபோது அவன் சொன்னது: "அண்டைக்கு நீங்க கதைப்பீங்களோண்டு பாத்துட்டு இருந்தன் சேர்."

ஆகவே முதலில் என் தொழில்காரர்களுக்குச் சொல்கிறேன். வகுப்பில் தூங்கும் பிள்ளை, திடீரென்று புள்ளி விழும் பிள்ளை, விளையாட்டை விட்டு ஒதுங்கும் பிள்ளை, அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை, இவர்களைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். "என்ன நடந்தது?" போதும். பைத்தியம், லூசு, அங்கொடை என்ற சொற்களை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவோம். சீனி வருத்தம் உள்ளவரை வைத்து யாராவது வகுப்பில் பகிடி பண்ணுவோமா?

மௌலவிமாரிடம் ஒரு வேண்டுகோள், மரியாதையோடு. நம் ஊரில் மனம் உடைந்தவர் முதலில் வருவது உங்களிடம்தான். ஓதுங்கள், துஆ செய்யுங்கள், அதில் எனக்கு வாங்கிய ஆறுதல் உண்டு. ஓதி முடித்த பிறகு "டொக்டரிட்டயும் காட்டுங்க" என்று ஒரு வசனம் சேர்த்துவிடுங்கள். நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். வருடத்துக்கு ஒரு ஜும்ஆ இதைப் பற்றிப் பேசினால் எத்தனை லாச்சி திறக்கும்.

வீட்டாருக்கு: "எல்லாம் உன்ட மனசிலதான் இரிக்கி", "அவனப் பாரு, அவனுக்கு உன்ன விடக் கஷ்டம்" என்ற இரண்டு வசனத்தையும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். கிளினிக் நாளில் கூடப் போங்கள். குளிசை முடிவதற்கு முன் ஞாபகப்படுத்துங்கள். உம்மாவின் சீனிக்கு எதைச் செய்கிறோமோ அதைத்தான் கேட்கிறேன்.

கடைசியாக, நான் ஏன் இவ்வளவு நாள் ஒளித்தேன் என்பது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறோம். காக்காவுக்கு "அந்தக் கிளினிக்" என்று தெரிந்தால் பெண் கேட்டு வருகிறவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று உம்மாவுக்குப் பயம். என்னிடம் கொப்பியைப் பூட்டி வைக்கச் சொன்னதும் உம்மாதான். உம்மாவில் பிழை இல்லை. இந்த ஊரில் எத்தனை பேச்சுக்கால் இதனால் முறிந்தது என்று அவவுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பத்துப் பேருக்குச் சீனி இருந்தாலும் கலியாணம் நடக்கும். ஒருவருக்கு மனவருத்தம் என்றால் பரம்பரையையே விசாரிப்போம். இந்தக் கணக்கு மாறாமல் எத்தனை கிளினிக் திறந்தாலும் ஆட்கள் வரப்போவதில்லை, பிந்தித்தான் வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள்.

அதனால் இதைப் போடுவதற்கு முன் தங்கச்சியிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவ வாசித்து முடிய நேரம் எடுத்தது. "போடுங்க காக்கா. இதுக்காக வேணாமெண்டு போறவங்க, நாளைக்கி எனக்கு ஒரு வருத்தம் வந்தாலும் போவாங்கதானே" என்றா. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. குசினிக்குள் போய்விட்டா. உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வருகிற புதன் எனக்குக் கிளினிக். கொப்பியை லாச்சியிலிருந்து எடுத்து மேசைக்கு மேல் வைத்திருக்கிறேன். ஆணியில் தொங்கும் பைக்குள் வைக்க உம்மாவின் மனம் இறங்க வேண்டும், அதற்கு துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டு லாச்சியிலும் ஒரு கொப்பி இருந்தால், அல்லது எடுக்க வேண்டிய கொப்பியை இன்னும் எடுக்காமல் இருந்தால், புதன்கிழமை அந்த வாங்கில் என் பக்கத்தில் இடம் இருக்கும். இந்தத் தடவை நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன், இன்ஷா அல்லாஹ்.